பழைய லீவு விண்ணப்பமொன்றை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

மகாராஜராஜஸ்ரீ தோட்ட நிருவாகம் அவர்கள் சமூகத்திற்கு, அக்கரப்பத்தனையிலிருந்து ஓய்வுபெற்ற தொழிலாளியொருவன் எழுதிக்கொள்வது.

வெள்ளைக்காரக் கம்பெனியின் சொத்தாயிருந்து, 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போய், 1992இல் மறுபடியும் கம்பெனி நிருவாகத்தை அடைந்த தாங்கள், கைமாறிய போதெல்லாம் தேயிலைச் செடிகளையும் லயங்களையும் எங்களையும் பத்திரமாக ஒப்படைத்து வாங்கியிருப்பதால், 1965 அக்டோபரில் நிராகரிக்கப்பட்ட என் லீவு விண்ணப்பமும் எந்த அலமாரியிலேனும் இருக்கும் என்ற துணிவில் இதை வரைகிறேன்.

அந்த மாதம் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவி அம்மையாரும் இலங்கைக்கு விஜயம் செய்திருந்தனர். 'எங்க வீட்டுப் பிள்ளை' வெளியாகி ஒரு வருஷம் நிறையவில்லை. எனக்கோ பதினாறு வயது. எங்கள் காம்பிராவில் அடுப்புப் புகை படிந்து சாமி படங்களெல்லாம் கறுத்துக் கிடக்க, பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய அம்மையாரின் திருமுகம் மாத்திரம், நான் நாள்தோறும் துடைத்து வந்தமையால், பிரகாசித்துக்கொண்டிருந்தது.

இருவரும் நுவரெலியாவுக்கு வருகிறார்கள் என்ற சேதி பிரட்டுக்களத்தில் பரவியதும் நான் லீவு கேட்டேன். மரணம், பிரசவம், நோய் ஆகிய மூன்றையன்றி வேறு காரணம் செல்லாதென்று பெரிய கிளாக்கர் ஐயா திருவாய் மலர்ந்தருளினார். அன்று காலைக்குள் தோட்டத்தில் பல பாட்டிமார் மரித்திருந்தனர். என் பாட்டியோ கூடையும் படங்குமாக அவர் கண்ணெதிரிலேயே நின்றபடியால் அவ்வழியும் அடைபட்டது.

அரைநாள் கணக்கான அரைப்பேரோடு மத்தியானம் மலையிறங்கி, லிந்துலையில் பஸ் பிடித்து, நுவரெலியாவில் குதித்தபோது, கார் போன சக்கரத் தடத்தில் மழைநீர் இன்னும் ஊறி நிறையவில்லை. கலைகின்ற கூட்டத்தின் நடுவே, ஆபிஸுக்குக் காகிதம் வாங்கவென்று வந்திருந்த பெரிய கிளாக்கர் ஐயா, கட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, "இப்பத்தான்டா தம்பி போறாங்க, அஞ்சு நிமிசம் முந்தி வந்திருக்கப்படாதா?" என்று என் பொருட்டு மெய்யாகவே வருந்தினார். அம்மையார் திரும்பிச் சிரித்த விதத்தை அவர் மறுநாள் மாலை கொழுந்து நிறுக்குமிடத்தில் அபிநயித்துக் காட்ட, கணக்கப்பிள்ளை தராசை மறந்து வாய்பார்த்ததில் எல்லாக் கூடையிலும் றாத்தல் குறைந்ததாகப் பெண்கள் முறையிட்டார்கள். அது வேறு விண்ணப்பம்.

காரணம் கேட்பதில் தாங்கள் காட்டிய இந்தக் கண்டிப்பை எல்லோரும் காட்டுவதில்லை. அதற்கு முந்திய வருஷம் அதே அக்டோபரில், இந்தியா, இலங்கை என்ற இரண்டு தேசத்துப் பிரதம மந்திரிகள் எங்களில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டபோது, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளையாக, 1917இல் இந்த மலைநாட்டிலேயே பிறந்த எம்.ஜி.ஆர் குழந்தைப் பருவத்திலேயே கப்பலேறிவிட்டார். இங்கேயே இருந்திருப்பாராயின், தகப்பனார் மலையாளத்தவராதலால், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி நாடற்றவராகி, என்னோடு அதே பிரட்டில் நின்று சரோஜாதேவியைப் பார்க்க லீவு கேட்டுக்கொண்டிருப்பார்.

நிற்க. அம்மையார் 2025 ஜூலையில் பெங்களூரில் காலமாகிவிட்டார். மரணம் தங்களால் அங்கீகரிக்கப்பட்ட காரணமாகையால், விண்ணப்பத்தை இப்போது அனுமதிப்பதில் தடையொன்றும் இராதென நம்புகிறேன்.

பதிலைத் தபாலில் சேர்க்க வேண்டாம். லயத்துக்கு வரும் கடிதங்கள் தங்கள் ஆபிஸிலேயே கிடப்பது வழக்கமாதலால், நானே நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். பென்சன்காரனுக்கு லீவு வேண்டியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் பழைய செக்ரோலில் உள்ள ஒருவன்