பாலும் நீர்மோரும்

மனைவியின் அண்ணன் வாங்கிய புது டிவிடி பிளேயரின் நெற்றியில் 'ஃபுல் எச்டி அப்ஸ்கேலிங்' என்று ஒரு தங்க ஸ்டிக்கர். அதை இன்னும் கிழிக்கவில்லை. மூக்குத்தி தெரிகிற காட்சியாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "எத்தனை கல்லு, எண்ணிச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். எண்ணினேன். ஒளி இருந்தது, கல் இல்லை.

அந்த டிவிடி 'பால்' முறை. (பெயரே அதுதான், நான் வைத்ததல்ல.) 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 1920க்கு 1080 திரைக்கு வேண்டியதோ 20,73,600. கச்சிதமாக ஐந்து மடங்கு. ஒரு டம்ளர் பாலை உறைகுத்தி, ஐந்து டம்ளர் நீர்மோராகக் கடைந்து ஊற்றுகிற வேலைதான் இது. தட்டில் பதியாத மூக்குத்திக் கல்லைப் பக்கத்துப் புள்ளிகளைக் காப்பியடித்து எழுத முடியாது.

இந்த மோரை டிவியும் கடையும். கடைந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் படம் திரை நடுவே தபால்தலையாக நிற்கும். எந்த மத்து நல்ல மத்து என்பதுதான் கேள்வி. மட்டமான டிவியாக இருந்தால் பிளேயர் ஜெயிக்கும். அவருடையது பிளேயரைப் போலப் பத்து மடங்கு விலை.

ஆனாலும் படம் முன்னைவிடத் தெளிவுதான், மறுக்கவில்லை. பழைய பிளேயரை மஞ்சள் ஒயரில் மாட்டியிருந்தார், இதற்கு எச்டிஎம்ஐ. பாதிப் புகழ் அந்த ஒயருக்குப் போகவேண்டியது. சொன்னேன். முகம் சுருங்கியது.

உள்ளே போய் ஒரு பழைய விசிடியோடு வந்தார். 352க்கு 288.

"இதையும் பார்த்துடுவோம்."

இருபது டம்ளர்.