மேக்குச் சுவரோரம் ஒரு பவளமல்லி

வீடு ரொம்ப லட்சணமா இருக்கு மருமகனே. வாசல் பூரா டைல்ஸு. எறும்புகூட வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுதான் உள்ள வரும் போல. அந்த மூலையில சொம்பு வைக்கிற அளவுக்கு ஒரு குழி விட்டிருக்கியே, அதுலதான் பவளமல்லி வைக்கப்போறியாக்கும்? பேஷ். கூடவே ஒரு ஆலமரத்தையும் வச்சிரு, பேச்சுத் துணைக்கு ஆகும்.

பத்துப் பதினஞ்சு அடி போற மரம்டா அது. நாலு டைல்ஸைப் பேத்துட்டு ரெண்டடிக்கு ரெண்டடி தோண்டு. செம்மண்ணு, மணலு, மக்குன சாணி போட்டு நிரப்பு. வெயில் நல்லா விழணும். தண்ணி தேங்குனா வேர் அழுகிரும். குளியலறைத் தண்ணிய அங்க திருப்பிவிட்டுப் புண்ணியம் தேடாத. நாத்துப்பண்ணைக்காரன் எதையாவது உன் தலையில கட்டுவான், உன் மூஞ்சி அப்படி. இலையைத் தடவிப் பாரு, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கணும். இளங்குச்சிய விரல்ல உருட்டிப் பாரு, உருளாது, நாலு பட்டை. காயி தட்டையா காசு மாதிரி இருக்கும், உள்ள ரெண்டே விதை. உங்க தாத்தனுக்கு இல்லாத புத்தி.

பூவு இருட்டுனப்புறம் விரிஞ்சு, விடியறப்போ கொட்டிரும். எட்டு மணிக்குப் போர்வைய விலக்குறவனுக்கு மிச்சம் வாடலுதான். நீ எந்திரிக்கிற நேரத்துக்குப் பூக்கணும்னா பிளாஸ்டிக்குல வாங்கு. தரையில விழுந்த பூ சாமிக்கு ஆகாதும்பாங்க; இதுக்கு மட்டும் விதிவிலக்கு, பொறுக்கித்தான் போடணும். குனியிறதுக்கு உன் தொப்பை சம்மதிக்குமான்னு கேட்டுக்க.

மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி அப்பும். படுக்கையறை ஜன்னலை விட்டுத் தள்ளி வை. பூ ஓஞ்சதும் கவாத்து பண்ணு, புதுத் துளிர்லதான் மொட்டு வரும்.

எந்தப் பக்கம் வைக்கன்னுதானே கேட்ட? மேக்குச் சுவரோரம் வை. அரையடி மண்ணுக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோட மல்லுக்கட்டி, சர்வேயரைக் கூட்டியாந்து சங்கிலி பிடிச்சியே, அதே சுவருதான். கிருஷ்ணன் இந்தப் பாரிஜாதத்தைப் பாமா வீட்டுல நட்டான், பூ ருக்மிணி முத்தத்துல விழுந்துச்சும்பாங்க. ஐப்பசிக் கொண்டல் கிழக்கேயிருந்துதான் வீசும் மாப்ளே. நீ குறட்டை விட்டுக்கிட்டு இருக்கையில அந்த வீட்டம்மா கூடையோட வந்து நிக்கும். அப்ப திரும்பவும் சர்வேயரைக் கூப்பிடு. எந்தப் பூ எந்த சர்வே நம்பர்ல கிடக்குன்னு அளந்து சொல்லுவாரு.