பெரம்பூரில் 150 குதிரைகள்
ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறன் தரும். பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் அதில் எத்தனை குதிரை வேலைக்கு வரும் என்பதை முன்னால் போகும் ஷேர் ஆட்டோ தீர்மானிக்கும். ஆகவே தினசரி ஓட்டும் காருக்கு முதல் செலவு நல்ல டயர். ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான். அடுத்தது பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. (இதைப் படம் பிடித்து யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை.)

ஆனால் ஆசை போவது ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்துவதில். தாழ்த்திய கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் நண்டு போலக் குறுக்காக ஏறி, அப்படியும் அடிவயிறு தேயும். பின்னால் நிற்பவர் ஹாரனால் வாழ்த்துவார். திறந்த ஏர் ஃபில்டர் எஞ்சின் சூட்டையே உறிஞ்சும், மழைநாளில் சுரங்கப்பாதைத் தண்ணீரையும் விட்டுவைக்காது. உறுமும் சைலன்சர் கூட்டுவது அபராதத்தை: தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பின்பக்க ஸ்பாய்லர் மட்டும் பயன்படும், வண்டி துடைக்கும் துணியைக் காயப்போட. மிஞ்சும் பணத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது.