மறுக்க உரிமை உண்டாம்

இறந்தவர் பெயரைச் சொல்லி, பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில் உயிரோடிருப்பவர் முழுகி எழுந்தால், இறந்தவருக்கு ஞானஸ்நானம் ஆகிவிடும் என்பது மோர்மன் சபையின் ஏற்பாடு. பிடிக்காவிட்டால் அந்த ஆத்மா மறுத்துவிடலாமாம். மறுப்புக் கடிதத்தை எந்தத் தபால்பெட்டியில் போடுவது என்றுதான் சொல்லவில்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களை இப்படி முழுக்காட்டுவதை நிறுத்துவதாக 1995-இல் யூத அமைப்புகளுக்கு வாக்களித்தார்கள். 2012-இல், நாஜிகளைத் தேடிப் பிடித்த சைமன் வீசென்தாலின் பெற்றோருக்கே முழுக்கு ஆகிவிட்டது தெரியவந்தது. தாய் நாஜிகளின் பெல்செக் கொலைமுகாமில் மாண்டவர். சபை மன்னிப்புக் கேட்டது.

நம்பாதவருக்கு அது வெறும் தண்ணீர்தானே என்பார்கள். நியாயம்தான், செத்தவருக்கு ஜலதோஷம் பிடிக்காது. ஆனால் யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவரின் பெயரை வேறொரு மதத்தின் பதிவேட்டில் ஏற்றுவது தண்ணீர் விவகாரம் அல்ல. அன்பினால் செய்கிறோம் என்றால், வீட்டாரைக் கேட்டுவிட்டுச் செய்யலாமே? கேட்கவும் விதி உண்டு: கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவரென்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மானம் காலாவதியாகிவிடும் போலும்.