எத்தினை பேருக்கு 118?

எங்கள் ஊர் வழக்கப்படி நான் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. என் மின்சாரக் கார் நிற்பது மாமியின் முற்றத்தில். அது குடிக்கிற கரண்ட்டுக்குப் பில் வருவது மாமியின் பெயரில். ஆகவே அது எவ்வளவு தூரம் ஓடும் என்று விசாரிக்க அவருக்குப் பூரண உரிமை உண்டு.

2022 இல் கல்முனைப் பெற்றோல் செட் வரிசையில் படுத்தெழும்பிய ஆத்திரத்தில், பிறகு காசு சேர்த்து வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. அதே வருசம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஆத்திரக்காரனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

கம்பனிக் கணக்கு ஒன்று, ரோட்டுக் கணக்கு ஒன்று என்பது வாங்கிய பிறகுதான் விளங்கியது. 2013 நிசான் லீஃபுக்கு ஜப்பான் சோதனை கொடுத்த தூரம் 228 கிலோமீற்றர். அமெரிக்க அரசு கொடுத்தது 121. இரண்டிலும் 24 கிலோவாட் மணி பற்றரிதான். ஜப்பான் சோதனையில் ஏசி கிடையாது, சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். ஜும்ஆ கலைகிற நேரம் கல்முனைக் கடைத்தெருவில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஊர்ந்தால் நானும் 228 ஓடலாம். போய்ச் சேர இடம்தான் இராது.

என் பற்றரியோ வயது போய்க் கால்பங்கை இழந்தது. இருந்தும், பொத்துவிலில் கலியாணம் என்று புறப்பட்ட காலையில் மீற்றர் 118 என்றது. பொத்துவில் கிட்டத்தட்ட 70. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

பின் சீற்றில், மடியில் வட்டிலாப்பச் சட்டியோடு மாமி. "எத்தினை பேருக்கு 118, மகன்?"

கலியாண வீட்டுச் சமையலுக்கு ஆள் கணக்குப் பார்க்கிறவர் அவர். சகனுக்கு ஆறு பேர் என்பதெல்லாம் பாய்க்குத்தான். எந்த ஊர் ஆட்கள், வெயிலா மழையா, எத்தனை மணிக்கு நிக்காஹ் என்று கேட்டுத்தான் அரிசி அளப்பார். மீற்றர் இப்படியொன்றும் கேட்பதில்லை. கிழமை முழுக்க நான் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் உருட்டிய உருட்டை வைத்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறது. வெளிநாட்டில் இதற்கு 'கெஸ்-ஓ-மீற்றர்' என்று பட்டப்பெயர். குத்துமதிப்பு மானி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குள் ஐந்து பேர், ஏசி. நிந்தவூரில் 104. அக்கரைப்பற்றில் 79. அதற்கப்பால் ரோடு வெறிச்சோடிக் கிடக்க, 80 இல் விட்டேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்று மறிப்பது நாலு மடங்கு. கச்சான் வேறு பக்கவாட்டில் அடித்தது. திருக்கோவிலில் 51.

"நாங்க பன்னிரண்டு கட்டை வந்தா அது இருபத்தெட்டுக் கட்டை கழிக்குது. வட்டிக்காரன் மாதிரி இரிக்கி," என்றார் மாமி. ஏசியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

கோமாரியில் 19. சற்றுத் தள்ளி, எண்ணே போய் மூன்று கோடுகள். தெரியாததைத் தெரியாது என்று மீற்றர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தரம்தான். பொத்துவில் எல்லையில் ஒரு குட்டி ஆமை எரிந்தது: இனி கார் ஊர்ந்துதான் போகும் என்று அர்த்தம். ஆமை புகுந்த வீடு கேள்விப்பட்டிருக்கிறேன். சைக்கிளில் வந்த பொடியன் எங்களை முந்திப் போய்க் கலியாண வீட்டில் செய்தி சொன்னான்.

அங்கே பந்தல் விளக்கு, ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றோடும் என் வயரையும் செருகினேன். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மாப்பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருந்தார். இரவு பத்துக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகுதான் சார்ஜ் போட விட்டார்கள்.

விடிய நிறையச் சார்ஜ். மீற்றர் 72 என்றது. நேற்றைய ஓட்டம் அதற்கு மறக்கவில்லை. மாமி எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஏசி இல்லாமல், 40 இல், நாலு பேராகத் திரும்பினோம். கோமாரியில் ஹோர்ன் அடித்து எங்களை முந்திய பஸ்ஸின் ஜன்னலில் ஒரு காலி வட்டிலாப்பச் சட்டி தெரிந்தது.