செவ்விலை தேடும் அப்பா

ஐப்பசி பிறந்தால் போதும், மதுரையின் கே.கே.நகரிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் இந்த அப்பா தொப்பியோடு புறப்பட்டுவிடுவார். பின்னால் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு நோட்டு, பூதக்கண்ணாடி. நோட்டின் முதல் பக்கத்தில் சிவந்த மேப்பிள் இலைப் படம் ஒன்று. அதே நிறத்தில் ஓர் இலையைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. பூங்காவிலோ வேம்பு பச்சை, புங்கை பச்சை, அரசு அதைவிடப் பச்சை. "நல்லாப் பாருங்கடா, இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் கெடக்கும்" என்பார். கடைசியில் வாதா மரத்தடியில் சிவப்பாக ஒன்று அகப்படும். அதை மூன்று கோணத்தில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் மூச்சு சீராகும். வாதா இலை எந்த மாதம் பழுத்தாலும் சிவக்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கோ கீழே கிடக்கும் வாதாங்கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்ன ஆசை. அதற்கு இவர் திட்டத்தில் இடமில்லை.

மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் பகல் சுருங்கிக் குளிர் இறங்குவதைக் கண்டு இலையை உதிர்க்கின்றன. லண்டனில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். மதுரையில் ஒன்றேகால் மணி நேரம்கூடத் தேறாது. இங்கே மரத்துக்குக் கணக்கு தண்ணீர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்ய, கிடைத்த ஈரத்தை வைத்துக்கொண்டு எந்த வேம்பாவது இலையை உதறுமா? ஈரம் வற்றிய மாசி, பங்குனியில் உதிர்த்துவிட்டு, வெயில் ஏற ஏறத் துளிர்க்கிறது. ஐப்பசியில் பார்க்க வேண்டியவை வேறு: விளக்கைச் சுற்றும் ஈசல், நனைந்த மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சி, மின்கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான், வடக்கிலிருந்து வந்து காலையும் மாலையும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி. சிவப்பும் மஞ்சளும்தான் வேண்டுமென்றால் செங்காந்தள் ஒரே பூவில் இரண்டையும் தருகிறது (கண்ணால் பார்த்தால் போதும், கிழங்கு கொடிய நஞ்சு). இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவருவது மழை. அந்த மழை நாலு தூறல் போட்டதும் இவர் அலறுவார்: "ஏறுங்கடா கார்ல! பருவகாலத்தை அடுத்த ஞாயித்துக்கிழம பார்ப்போம்."

பிள்ளை நாளைக்குக் கனடா போகலாம், உலகம் தெரிய வேண்டாமா என்று கேட்பார். தெரியட்டும், கனடாவைப் படத்தில் காட்டிச் சொல்லலாம். வேப்பமரத்தடியில் கனடாவைத் தேடவிட்டால், ஒன்றும் கிடைக்காத பிள்ளை நம்மூரில் பருவமே கிடையாது என்று முடிவு கட்டிவிடும். ஆண்டை ஆறாக வகுத்து, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்றே தனிப் பருவம் ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைக்கு இந்தக் கதி. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வியும் செல்லாது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி மேலூர்ப் பக்கம்தான் இருக்கிறது.

பிள்ளைகளை வெளியே கூட்டி வருகிறாரே, அது போதாதா என்றால், பாதி போதும். தெருவே போர்த்திப் படுத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, சேற்றில் முட்டி போட்டு இலையைத் திருப்பிப் பார்க்கும் மனுஷனை முழுசாகக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கோபம் வருவது மாசியில்தான். அவர் வீட்டு வாசல் புங்கை, ஐப்பசி முழுக்க அவர் தேடிய அதே உதிர்தலைத் தெரு நிறையக் கொட்டுகிறது. அப்போது நோட்டும் இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை. காருக்கு உறை போட்டு, "ஒரே குப்பை" என்று சலித்து, மரத்தை வெட்டச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதுகிறார். ஐயா, வருகிற மாசியில் அந்த மனுவை எழுதாதீர்கள். பிள்ளைகளை நோட்டோடு வாசலுக்கு அனுப்புங்கள்.