அலுமினியப் படகைக் கரைப்பது யார்?

கேள்வி: அலுமினியம் துருப்பிடிக்காது என்கிறார்களே, கடலில் ஓடும் அலுமினியப் படகு மட்டும் ஏன் அரித்துப்போகிறது?

பதில்: உப்புத் தண்ணீரைவிடப் பொல்லாதது, ஒட்டிக்கொண்டிருக்கும் வேற்று உலோகம். காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். அதனால் 5083 போன்ற கடல்தரக் கலவைகள் பெயின்ட் இல்லாமலும் பல வருஷம் தாக்குப்பிடிக்கும். எஃகோ செம்போ அதைத் தொட்டபடி கடல்நீரில் முழுகினால் கதையே வேறு. அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும்; கரைவது அலுமினியம்தான்.

அமெரிக்கக் கடற்படையே இதில் அடிபட்டிருக்கிறது. 2010-இல் பணியில் சேர்ந்த 'இண்டிபெண்டன்ஸ்' அலுமினியப் போர்க்கப்பலில், உந்துவிசைக்கான நீர்த்தாரைப் பகுதி மறுவருஷமே மோசமாக அரித்திருந்தது. அங்கே எஃகும் அலுமினியமும் அக்கம்பக்கம்.

வைத்தியம், ஒரு பலிகடா. துத்தநாகக் கட்டியைப் படகின் அடியில், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தின் மேல் இறுக்கி முடுக்க வேண்டும். முதலில் அது கரையும், படகு பிழைக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். கட்டியின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்கவே கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது.

பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் செம்பு பெயின்ட் அலுமினியத்துக்கு ஆகாது. எஃகு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து, குத்தினால் வெள்ளை மாவு உதிர்கிறதா? அரிப்பு தொடங்கிவிட்டது. போல்ட்டைக் கழற்றி, நடுவே நைலான் வாஷர் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள்.